எஸ்யூவிக்கு டயர் வாங்குவது எப்படி? கம்பெனிப் பெயரைக் கடைசியாகப் பாருங்கள்

எஸ்யூவிக்கு டயர் மாற்ற வேண்டும் என்று நான்கு பேரிடம் கேட்டால் நான்கு கம்பெனிகளின் பெயர் வரும். வண்டி எந்தச் சாலையில் ஓடுகிறது, எத்தனை பேர் ஏறுகிறார்கள், மழையில் ஓட்டுவீர்களா என்று அவர்களில் ஒருவர்கூடக் கேட்டிருக்க மாட்டார். டயர் வாங்குவதில் தவறு தொடங்கும் இடமே இதுதான். ஒரே கம்பெனி, ஒரே பெயர் வரிசையில், தார்ச்சாலைக்கு ஒன்று, கரடுமுரடுக்கு ஒன்று, சேற்றுக்கு ஒன்று என்று குணத்தில் ஒட்டும் உறவும் இல்லாத டயர்களைச் செய்கிறது. எனவே அளவு, எடைத் தாங்குதிறன், வகை ஆகிய மூன்றையும் முடிவு செய்த பிறகு கம்பெனிக்கு வருவதே ஒழுங்கான வரிசை. இந்த வழிகாட்டியும் அந்த வரிசையில்தான் போகிறது.

முதல் படி: கழற்றப்போகும் டயரைப் படியுங்கள்

புது டயரைப் பற்றி யோசிப்பதற்கு முன் பழையது எப்படித் தேய்ந்திருக்கிறது என்று குனிந்து பாருங்கள். இரண்டு ஓரங்களும் தேய்ந்து நடுப்பகுதி மட்டும் உயரமாக இருந்தால் காற்று குறைவாகவே ஓட்டியிருக்கிறீர்கள். நடு மட்டும் தேய்ந்திருந்தால் காற்று அதிகம். உள் ஓரமோ வெளி ஓரமோ ஒரு பக்கம் மட்டும் வழுக்கையாகியிருந்தால் வீல் அலைன்மென்ட் கெட்டிருக்கிறது, அல்லது சஸ்பென்ஷன் புஷ் போயிருக்கிறது. கையால் தடவும்போது மேடும் பள்ளமுமாக அலை அலையாகத் தட்டுப்பட்டால் ஷாக் அப்சார்பரைச் சோதிக்க வேண்டும். இந்தக் கோளாறுகளைச் சரிசெய்யாமல் எவ்வளவு விலை உயர்ந்த டயர் போட்டாலும் அதுவும் அதே வழியில்தான் தேயும். அப்போது பழி கம்பெனி மேல் விழும்.

மாற்றவேண்டிய நேரம் வந்துவிட்டதா என்பதையும் டயரே சொல்லும். பக்கவாட்டின் மேல் விளிம்பில் டி.டபிள்யூ.ஐ. என்ற எழுத்துகளோ சிறு முக்கோணமோ இருக்கும். அதற்கு நேராக உள்ள பள்ளத்தைப் பார்த்தால் அடியில் ஒரு சிறு மேடு தெரியும். சுற்றியுள்ள ரப்பர் அந்த மேட்டின் மட்டத்துக்குத் தேய்ந்துவிட்டால் மீதமிருப்பது 1.6 மில்லிமீட்டர். சட்டப்படி அதுதான் கடைசி எல்லை. வடகிழக்குப் பருவமழையில் நெடுஞ்சாலை ஓட்டுபவர்கள் அதுவரை காத்திருக்கக் கூடாது என்பது என் கட்சி. பள்ளம் 3 மில்லிமீட்டருக்குக் கீழே போகும்போதே தேங்கிய நீரை வெளியேற்றும் திறன் மளமளவென்று குறைகிறது. எனவே டயர் மாற்றுவதாக இருந்தால் செப்டம்பரிலேயே மாற்றிவிடுங்கள். புது டயரின் முழு ஆழமும் மழைக்காலத்துக்குக் கிடைக்கும்.

தேயாத டயரும் கிழடாகும். வாரம் ஒருமுறை மட்டும் வெளியே எடுக்கும் வண்டிகளில் பள்ளம் நிறைய இருக்கும், ஆனால் பக்கவாட்டில் மெல்லிய வெடிப்புகள் ஓடியிருக்கும். ஐந்து ஆண்டுகள் கடந்த டயரை ஆண்டுதோறும் சோதிக்க வேண்டும். பார்வைக்கு எப்படி இருந்தாலும் பத்து ஆண்டுகளுக்கு மேல் ஓட்டக் கூடாது. நம் ஊர் வெயிலுக்கு அந்தப் பத்து என்பதே தாராளமான கணக்கு.

இரண்டாம் படி: பக்கவாட்டில் உள்ள எழுத்துகள்

ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்தால் தூணில் ஒரு ஸ்டிக்கர் இருக்கும். வண்டிக்குரிய டயர் அளவும் காற்றழுத்தமும் அதில் இருக்கின்றன. பழைய டயரைப் பார்த்து அளவை எழுதிக்கொண்டு போகாதீர்கள். முந்தைய உரிமையாளர் மாற்றியிருக்கலாம்.

கிரெட்டா, செல்டோஸ் வண்டிகளின் 17 அங்குல சக்கரத்துக்கு வரும் அளவை எடுத்துக்கொள்வோம்: 215/60 ஆர்17 96எச். டயரின் அகலம் 215 மில்லிமீட்டர். பக்கவாட்டின் உயரம் அந்த அகலத்தில் 60 சதவீதம், அதாவது 129 மில்லிமீட்டர். ஆர் என்றால் ரேடியல். 17 என்பது ரிம்மின் விட்டம், அங்குலத்தில். இந்த நான்கையும் கடைக்காரரே கேட்டுத் தெரிந்துகொள்வார். பின்னால் வரும் 96எச் என்பதைப் பெரும்பாலும் யாரும் கேட்பதில்லை. நாம் கவனமாக இருக்க வேண்டியது அங்கேதான்.

96 என்பது எடைக் குறியீடு. அட்டவணைப்படி ஒரு டயர் 710 கிலோ தாங்கும் என்று பொருள். 91 என்றால் 615, 94 என்றால் 670, 100 என்றால் 800, 104 என்றால் 900, 108 என்றால் 1,000 கிலோ. அடுத்துள்ள ஆங்கில எழுத்து வேகக் குறியீடு: எஸ் மணிக்கு 180 கிலோமீட்டர், டி 190, எச் 210, வி 240. நாம் 210-இல் போகப்போவதில்லையே என்று கேட்கலாம். வேகக் குறியீடு, வெப்பத்தை டயர் எவ்வளவு தாங்கும் என்பதற்கான அளவுகோலும்கூட. ஏழு பேரும் பெட்டிகளும் ஏற்றிக்கொண்டு மே மாத நண்பகலில் நான்குவழிச் சாலையில் மணிக்கணக்காக ஓடும் வண்டிக்கு அந்தக் கையிருப்பு தேவை. கதவு ஸ்டிக்கரிலோ கையேட்டிலோ சொன்ன எடைக் குறியீட்டைவிடக் குறைவானதை எந்தத் தள்ளுபடிக்காகவும் வாங்காதீர்கள். கூடுதலாக இருந்தால் தடையில்லை.

அளவுக்கு அருகில் எக்ஸ்.எல். என்று இருந்தால், வழக்கமான டயரைவிடக் கூடுதல் காற்றழுத்தத்தில் கூடுதல் எடை தாங்கும்படி செய்தது என்று அர்த்தம். பேட்டரியின் கனத்தைச் சுமக்கும் மின்சார எஸ்யூவிகளில் இதை அடிக்கடி காணலாம். முன்னால் எல்.டி. என்று தொடங்கினால் அது லேசான சரக்கு வண்டிகளின் கணக்கில் கட்டப்பட்ட டயர்: அடுக்குகள் தடிமன், பக்கவாட்டு உறுதி, ஆனால் கனம், குலுக்கலும் உண்டு. பாறைப் பாதையில் போகிறவர்களுக்கு அது வரம். அலுவலகம் போய் வருகிறவர்களுக்குத் தினசரித் தண்டனை.

பிறகு வயது. பக்கவாட்டில் டி.ஓ.டி. என்ற எழுத்துகளுக்குப் பின் வரும் நீண்ட குறியீட்டின் கடைசி நான்கு இலக்கங்கள்தான் பிறந்த தேதி. 2325 என்றால் 2025-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம், அதாவது ஜூன் தொடக்கம். இந்த நான்கு இலக்கங்கள் பெரும்பாலும் டயரின் ஒரு பக்கத்தில் மட்டுமே இருக்கும். அந்தப் பக்கம் உள்நோக்கிப் பொருத்தப்பட்டுவிட்டால் வண்டிக்கு அடியில் படுத்துத்தான் பார்க்க வேண்டும். ஆகவே ரிம்மில் ஏற்றுவதற்கு முன்பே பார்த்துவிடுங்கள்.

சில கடைகளில் டயரின் மேல் நீட்டிக்கொண்டிருக்கும் ரப்பர் முடிகளைக் காட்டி "புத்தம்புது சரக்கு சார்" என்பார்கள். டயரை வார்க்கும் அச்சில் காற்று வெளியேறும் துளைகளில் ரப்பர் புகுந்து உண்டாகும் முடிகள் அவை. டயர் ஓடவில்லை என்பதற்குத்தான் அவை சாட்சி. கிடங்கில் மூன்று ஆண்டு கிடந்த டயரிலும் அதே முடிகள் அப்படியே இருக்கும்.

மூன்றாம் படி: உங்கள் சாலை எது?

எஸ்யூவி விளம்பரங்களில் வண்டி ஆற்றைக் கடக்கிறது, மணல்மேட்டில் பாய்கிறது. வாங்கியவர் அதில் தாம்பரத்திலிருந்து கிண்டிக்குப் போகிறார். இதில் கேலி ஏதுமில்லை. உயரமான இருக்கை, பெரிய இடவசதி, மோசமான வேகத்தடைகளில் அடி தட்டாத வசதி எல்லாம் நல்ல காரணங்களே. ஆனால் டயரை விளம்பரத்துக்காக வாங்கினால் பணமும் போகும், மழையில் பிரேக் பிடிக்கும் தூரமும் நீளும்.

ஓராண்டில் வண்டி ஓடும் மொத்தத் தூரத்தில் தார், கான்கிரீட் சாலை எவ்வளவு, மண், கல், சேறு எவ்வளவு என்று மனதுக்குள் நேர்மையாகப் பிரித்துப் பாருங்கள். ஊர்த் திருவிழாவுக்குப் போகும்போது வரும் இரண்டு கிலோமீட்டர் செம்மண் பாதையைக் கரடுமுரடு என்று கணக்கில் சேர்க்காதீர்கள். அதில் பஸ்ஸும் ஷேர் ஆட்டோவும் ஓடுகின்றன.

நான்காம் படி: வகைகள்

தார்ச்சாலைக்கானவை ஹைவே டெரைன், சுருக்கமாக எச்.டி. எஸ்யூவியின் எடைக்கு ஏற்ப உறுதியாகவும், பள்ளங்கள் நெருக்கமாகவும் இருக்கும். சத்தம் குறைவு, எரிபொருள் மிச்சம், ஈரச் சாலையில் பிடிமானம் நன்று. இதே குடும்பத்தில் வேகத்துக்கும் துல்லியமான ஸ்டீயரிங்குக்கும் முன்னுரிமை தரும் எச்.பி., அதாவது ஹை பெர்ஃபார்மன்ஸ் வகையும் உண்டு. மென்மையான ரப்பர் என்பதால் பிடிமானம் கூடும், ஆயுள் குறையும். கிரெட்டா, செல்டோஸ், பிரெஸ்ஸா, நெக்ஸான் போன்ற வண்டிகளில் தொழிற்சாலையிலிருந்து வருபவை காருக்கான சாதாரண சாலை டயர்களே. என் கணிப்பில் தமிழ்நாட்டில் ஓடும் எஸ்யூவிகளில் மிகப் பெரும்பாலானவற்றுக்கு இந்த வகைக்கு வெளியே போக வேண்டிய காரணமே இல்லை.

ஆல் டெரைன் எனப்படும் ஏ.டி. வகைதான் இப்போதைய மோகம். கட்டம் கட்டமாகப் பிரிந்த பெரிய ரப்பர்த் துண்டுகள், அகன்ற பள்ளங்கள், பக்கவாட்டில் வெள்ளை எழுத்து. தாரில் சுமாராகவும் மண், சரளை, மணலில் நன்றாகவும் ஓடும். சூரியநெல்லியிலிருந்து கொழுக்குமலைக்கு ஏறும் பாதை மாதிரியான இடங்களுக்கும், தோட்டத்துக்குள் தினமும் போய் வருகிறவர்களுக்கும் இதுதான் சரி. கூர்மையான கற்களில் பக்கவாட்டு எளிதில் கிழியாது. இதற்குக் கொடுக்கும் விலையும் உண்டு: டயர் கனம் கூடுகிறது, மைலேஜ் குறைகிறது, 80 கிலோமீட்டர் வேகத்துக்கு மேல் ஒரு ரீங்காரம் கேட்கத் தொடங்குகிறது. நனைந்த தாரில் இதே அளவுள்ள நல்ல சாலை டயரைவிடப் பெரும்பாலும் தாமதமாகவே நிற்கிறது. தாரைத் தொடும் ரப்பர் குறைவு என்பதும், கல்லில் பிய்யாமல் இருக்க ரப்பரைக் கெட்டியாகக் கலப்பதும் காரணங்கள். மஹிந்திராவின் தார் ஜீப் வாங்கும் இளைஞர்கள் இதைக் கேட்டு முகம் சுளிப்பார்கள். தோற்றத்துக்காக ஏ.டி. போடுவது அவரவர் விருப்பம். மழைநாளில் முன்னே போகும் வண்டிக்கு இடைவெளி கூடுதலாக விட வேண்டும் என்பது மட்டும் நினைவிருக்கட்டும்.

மட் டெரைன் எனப்படும் எம்.டி., சேற்றுக்கும் பாறைக்கும் மட்டுமேயானது. கோவில்பட்டி, விருதுநகர்ப் பக்கத்துக் கரிசல் மண்ணில் மழைக்குப் பிறகு வண்டி இறக்கியவர்களுக்கு இதன் அருமை தெரியும். அந்த மண் டயரின் பள்ளங்களை நொடியில் அடைத்து, எந்த டயரையும் வழுக்கை டயர் ஆக்கிவிடும். எம்.டி. டயரின் மிக அகன்ற பள்ளங்கள் சுழற்சியிலேயே மண்ணை வீசி எறிகின்றன. நகரத்தில் இதைப் போட்டு ஓட்டுவது காதுக்கும் பர்ஸுக்கும் கேடு. ஏ.டி.க்கும் எம்.டி.க்கும் நடுவே ரக்கட் டெரைன், அதாவது ஆர்.டி. என்ற வகை வந்திருக்கிறது. முரட்டுத் தோற்றம் வேண்டும், எம்.டி.யின் இரைச்சல் வேண்டாம் என்பவர்களுக்கானது.

எம்+எஸ் (மட் அண்ட் ஸ்னோ, அதாவது சேறும் பனியும்) என்ற முத்திரையைப் பார்த்து, பனியிலும் மழையிலும் நன்றாகப் பிடிக்கும் டயர் என்று நினைக்க வேண்டாம். பள்ளங்களின் அமைப்பைப் பொறுத்துத் தயாரிப்பாளரே போட்டுக்கொள்ளும் குறி அது. மூன்று சிகரங்கள் கொண்ட மலைக்குள் பனிச்செதில் வரைந்த முத்திரைதான் பனிச்சாலையில் சோதித்துத் தேறியதற்கு அடையாளம். லடாக் போகத் திட்டமில்லையென்றால் இரண்டையும் மறந்துவிடலாம்.

பள்ளங்களின் வடிவம் பற்றி ஒரு வரி. அம்புக்குறி இருந்தால் அந்தத் திசையில் மட்டுமே சுழல வேண்டும். உள்பக்கம், வெளிப்பக்கம் என்று குறித்திருந்தால் அப்படியே பொருத்த வேண்டும். அவசரத்தில் மாற்றிப் பொருத்தும் கடைகள் உண்டு. பார்த்துக்கொள்ளுங்கள்.

ஐந்தாம் படி: பெரிய டயர் போடலாமா?

இந்தக் கேள்வி வராத எஸ்யூவி உரிமையாளர் குறைவு. கணக்குப் போட்டுப் பார்த்தால் ஆசை கொஞ்சம் தணியும்.

215/60 ஆர்17 டயரின் மொத்த உயரம் எவ்வளவு? பக்கவாட்டு 129 மில்லிமீட்டர், மேலும் கீழுமாக இரண்டு முறை, 258. ரிம் 17 அங்குலம், 431.8. கூட்டினால் ஏறத்தாழ 690 மில்லிமீட்டர். அகலத்தை 225 ஆக்கினால் உயரம் 702, அதாவது 1.7 சதவீதம் கூடுதல். 235 ஆக்கினால் 714, 3.5 சதவீதம். உயரம் 24 மில்லிமீட்டர் கூடியிருந்தாலும் சக்கரத்தின் மையம் அதில் பாதிதான் மேலே போகும். ஆக வண்டியின் தரை இடைவெளியில் கிடைக்கும் ஆதாயம் 12 மில்லிமீட்டர், ஒரு விரல் அகலம்கூட இல்லை.

அதற்கு ஈடாக என்னென்ன போகின்றன? ஸ்பீடோமீட்டர் முன்பு காட்டியதைவிட 3.5 சதவீதம் குறைத்துக் காட்டும். என்ஜின் பெரிய சக்கரத்தைச் சுழற்ற வேண்டும், பிரேக் பெரிய சக்கரத்தை நிறுத்த வேண்டும். ஸ்டீயரிங்கை முழுவதும் ஒடித்தால் உள்பக்க பிளாஸ்டிக்கில் உரசலாம். ரிம்மின் அகலத்துக்குப் பொருந்தாத டயர் என்றால் ஓரங்கள் சரியாக உட்காராது. மொத்த உயரம் 3 சதவீதத்துக்குள் மாறலாம் என்பது டயர்க் கடைகளில் நெடுநாளாக வழங்கும் கைக்கணக்கு. என்னைக் கேட்டால் அதைவிட எளிய விதி ஒன்று உண்டு: உங்கள் மாடலின் வேறு வேரியன்ட்டுக்கு நிறுவனமே தரும் அளவு எதுவோ அதற்குள் நின்றுவிடுங்கள். ஸ்கார்பியோ-என் 245/65 ஆர்17, 255/60 ஆர்18 என்றும், எக்ஸ்.யூ.வி.700 235/65 ஆர்17, 235/60 ஆர்18 என்றும் இரண்டு அளவுகளில் வந்திருக்கின்றன. அந்த எல்லைக்குள் இருந்தால் இன்சூரன்ஸ்காரரிடமும் விளக்கம் சொல்ல வேண்டியதில்லை.

ரிம்மைப் பெரிதாக்கிப் பக்கவாட்டை மெலிதாக்குவது இன்னொரு மோகம். மெலிந்த பக்கவாட்டில் ஓரம் உடைந்த ஒரு பள்ளம் மோதினால் உள்ளே நூல் இழைகள் அறுந்து வெளியே கொழுக்கட்டை அளவுக்கு வீங்கும். வீங்கிய டயருக்கு வைத்தியம் கிடையாது, தூக்கிப் போட வேண்டியதுதான். மழை முடிந்த நம் நகரச் சாலைகளை அறிந்தவர்கள் 17 அங்குலத்திலிருந்து 16-க்கு இறங்குவதையும் யோசிக்கலாம். அந்த ரிம் அதே மாடலில் வருவதாகவும், பிரேக்குக்கு இடம் விடுவதாகவும் இருந்தால் சரி.

ஆறாம் படி: இப்போது கம்பெனிகள்

தமிழ்நாட்டில் இருந்துகொண்டு டயர் கம்பெனிகளைப் பற்றிப் பேசுவது சொந்த ஊர்க் கதை பேசுவது மாதிரி. எம்.ஆர்.எஃப். 1946-இல் திருவொற்றியூரில் கே.எம். மாமன் மாப்பிள்ளை தொடங்கிய பொம்மை பலூன் தொழிற்கூடம். டயருக்கு அது வந்தது 1961-இல். இன்று அரக்கோணம், பெரம்பலூர் வரை ஆலைகள் உண்டு. அப்போலோ ஒரகடத்தில், ஜே.கே. டயர் ஸ்ரீபெரும்புதூரில், சியட் அதன் சுற்றுவட்டாரத்தில், மிச்செலின் தேர்வாய்க் கண்டிகையில் என்று சென்னையைச் சுற்றியே டயர் வளையம் ஒன்று இருக்கிறது. திருநெல்வேலிப் பக்கம் கங்கைகொண்டானில்கூட யோகோஹாமா குழுமத்தின் ஆலை இருக்கிறது. அங்கே செய்வது டிராக்டர் போன்ற வாகனங்களுக்கு.

யார் யாருடையது என்பதையும் தெரிந்துகொள்வது நல்லது. இத்தாலியின் டூரின் நகரில் 1924-இல் பிறந்த சியட் இன்று முழுக்க இந்திய நிறுவனம், ஆர்.பி.ஜி. குழுமத்தினுடையது. நெதர்லாந்தின் விரெடெஸ்டெய்ன் 2009 முதல் அப்போலோவின் கையில் இருக்கிறது. பயணப் பைத்தியங்கள் கொண்டாடும் பி.எஃப். குட்ரிச் மிச்செலினுக்குச் சொந்தம். அமெரிக்கப் பெயரான ஃபயர்ஸ்டோனை ஜப்பானின் பிரிட்ஜ்ஸ்டோன் 1988-இல் வாங்கியது.

எஸ்யூவிக்கு ஒவ்வொருவரிடமும் ஒரு குடும்பப் பெயர் இருக்கிறது. எம்.ஆர்.எஃப். வாண்டரர், அப்போலோ அப்டெரா, சியட் கிராஸ்டிரைவ், ஜே.கே. ரேஞ்சர், பிரிட்ஜ்ஸ்டோன் டியூலர், யோகோஹாமா ஜியோலேண்டர், குட்இயர் ரேங்ளர். "ஜியோலேண்டர் போட்டேன், சத்தம் தாங்கவில்லை" என்று ஒருவரும், "ஜியோலேண்டர் போட்டேன், பூப்போல ஓடுகிறது" என்று இன்னொருவரும் சொன்னால் இருவருமே உண்மை சொல்லியிருக்கலாம். ஒருவர் போட்டது ஏ.டி. அல்லது எம்.டி., மற்றவர் போட்டது எச்.டி. குடும்பப் பெயருக்குப் பின்னால் வரும் எழுத்துகளையும் எண்களையும் கேட்காமல் யாருடைய அனுபவத்தையும் நம்பாதீர்கள்.

பொதுவான ஒரு படம் தர வேண்டுமானால், இந்திய நிறுவனங்களின் பலம் விலை, எந்த ஊரிலும் சரக்கு கிடைப்பது, குழிகளைத் தாங்கும் பக்கவாட்டு. மிச்செலின், கான்டினென்டல், பிரிட்ஜ்ஸ்டோன், யோகோஹாமா போன்றவற்றின் மேல்தட்டு டயர்களில் கூடுதல் விலைக்குக் கிடைப்பது பெரும்பாலும் ஈரப் பிடிமானமும் அமைதியும். வெளிநாட்டிலிருந்து வரும் மாடல்களில் சிக்கல் ஒன்று உண்டு. 2020 ஜூனில் டயர் இறக்குமதியை அரசு கட்டுப்பாட்டுப் பட்டியலில் சேர்த்தது. அதன் பிறகு சில அளவுகள் சீராக வருவதில்லை. ஒரு டயர் பாழானால் அதே மாடலில் இன்னொன்று கிடைக்காமல் அலைய நேரலாம். வாங்கும் முன்பே கடைக்காரரிடம் இந்த அளவு எங்கே தயாராகிறது என்று கேட்டுவிடுங்கள். டயரின் பக்கவாட்டில் நாட்டின் பெயர் இருக்கும்.

வண்டியோடு வந்த டயரின் பெயரையே கடையில் கேட்டு வாங்குகிறவர்கள் கவனிக்க வேண்டியது: கார் நிறுவனத்துக்காக, மைலேஜ் கணக்கைப் பார்த்துத் தனியாகத் தயாரித்துக் கொடுக்கும் டயரும், அதே பெயரில் கடையில் விற்பதும் எப்போதும் ஒன்றல்ல.

ஏழாம் படி: முத்திரைகளை நம்பும் அளவு

ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம், அது அடிப்படைத் தகுதி மட்டுமே. உருளும்போது ஏற்படும் இழுவை, ஈரப் பிடிமானம், இரைச்சல் ஆகிய மூன்றுக்கும் ஏ.ஐ.எஸ்.-142 என்ற தரநிலையை மத்திய அரசு 2022-இல் கொண்டுவந்தது. அதோடு எரிசக்தித் திறன் அலுவலகத்தின் நட்சத்திரக் குறியீட்டைச் சில டயர்களில் காணலாம். அந்த நட்சத்திரங்கள் எரிபொருள் சிக்கனத்தைப் பற்றியவை. மழையில் எவ்வளவு விரைவாக நிற்கும் என்பதற்கு அவை உத்தரவாதம் இல்லை.

ஐரோப்பிய லேபிள் ஒட்டியிருந்தால் அதிலுள்ள மழை மேகப் படத்துக்கு நேரே ஏ முதல் இ வரை எழுத்து இருக்கும். நான் முதலில் பார்ப்பது அதைத்தான். டிரெட்வேர் என்ற சொல்லோடு 300, 500 என்று எண் பொறித்திருந்தால் அது தேய்மானக் குறியீடு. எண் பெரிதாக இருந்தால் ஆயுள் கூடும். ஆனால் அந்த எண்ணைப் போடுவது தயாரிப்பாளரே. ஒரே கம்பெனியின் இரண்டு டயர்களை ஒப்பிட உதவும். இரண்டு கம்பெனிகளை ஒப்பிட அதை நம்பிக் கணக்குப் போட முடியாது.

எட்டாம் படி: கடையில்

விலை கேட்கும்போது டயர் விலையை மட்டும் கேட்காதீர்கள். பொருத்தும் கூலி, பேலன்சிங், புது வால்வு, அலைன்மென்ட், பழைய டயருக்குக் கழித்துக்கொள்ளும் தொகை எல்லாம் சேர்த்துக் கையில் எவ்வளவு என்று கேளுங்கள். பிறகே இரண்டு கடைகளை ஒப்பிடுங்கள். 2025 செப்டம்பர் 22 முதல் கார் டயருக்கு ஜி.எஸ்.டி. 28 சதவீதத்திலிருந்து 18 ஆகிவிட்டது. பில்லில் அதுதான் இருக்க வேண்டும். டயரின் வரிசை எண்ணும் பில்லில் இருக்கட்டும். வாரண்டி கேட்டுப் போகும்போது முதலில் கேட்பது அதைத்தான். தயாரிப்புக் குறைக்கு மட்டுமா, குழியில் அடிபட்டதற்கும் உண்டா என்பதையும் எழுத்தில் பாருங்கள்.

நான்கையும் மாற்ற வசதி இல்லாமல் இரண்டு மட்டும் வாங்கினால், புதியவை பின்சக்கரத்துக்கே. முன்சக்கர இயக்க வண்டியாக இருந்தாலும் அப்படித்தான். ஈரச் சாலையில் முன்பக்கம் வழுக்கினால் ஸ்டீயரிங்கில் உணர்ந்து வேகத்தைக் குறைக்கலாம். பின்பக்கம் வழுக்கினால் வண்டி சுழன்றுவிடும், சாதாரண ஓட்டுநரால் மீட்க முடியாது. பல கடைகளில் பழக்கத்தால் புதியதை முன்னே மாட்டுவார்கள். நின்று சொல்லி மாற்றச் சொல்லுங்கள். எப்போதும் நான்கு சக்கரமும் இயங்கும் வண்டி என்றால் நான்கும் ஒரே மாடல், ஏறத்தாழ ஒரே தேய்மானம் இருக்க வேண்டும். சுற்றளவு வேறுபட்டால் முன், பின் சக்கரங்களுக்கு இழுவையைப் பிரித்துத் தரும் நடு டிஃபரென்ஷியலோ கப்ளிங்கோ ஓயாமல் உழைத்துச் சூடாகும். அதன் விலையோடு ஒப்பிட்டால் நான்கு டயர் மலிவு.

டயரை ரிம்மில் ஏற்றும்போது அருகில் நில்லுங்கள். புது டயரின் பக்கவாட்டில் மஞ்சள் புள்ளி ஒன்று பெரும்பாலும் இருக்கும். டயரின் எடை மிகக் குறைந்த இடம் அது. வால்வு இருக்கும் இடத்தில் ரிம் சற்றுக் கனம் என்பதால், மஞ்சள் புள்ளியை வால்வுக்கு நேராக வைத்து ஏற்றினால் பேலன்சிங்குக்கு ஒட்ட வேண்டிய ஈயக்கட்டிகள் குறையும். சிவப்புப் புள்ளியும் இருந்தால் அது டயரின் வட்டத்தில் சற்றே மேடான இடம். ரிம்மில் தாழ்ந்த இடத்தைக் குறித்திருந்தால் அதற்கு நேராக வைப்பார்கள். கைதேர்ந்த ஃபிட்டர் நீங்கள் சொல்லாமலே புள்ளியைத் தேடித் திருப்பி வைப்பார். அப்படிப்பட்டவர் இருக்கும் கடையை விட்டுவிடாதீர்கள். நட்டுகளைக் காற்றுத் துப்பாக்கியால் இறுக்கிவிட்டு அதோடு அனுப்பினால் ஒப்புக்கொள்ள வேண்டாம். கடைசி இறுக்கம், இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ரெஞ்சால், கையேட்டில் சொன்ன அளவில் இருக்க வேண்டும். மீறி இறுக்கிய நட்டை நடுரோட்டில் ஸ்டெப்னி மாற்றும்போது கழற்ற முடியாது.

ஸ்டெப்னி என்றதும் நினைவு வருகிறது. உங்கள் வண்டியின் ஸ்டெப்னி ஒல்லியான தற்காலிக டயராக இருந்தால் அதில் 80 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டக் கூடாது என்று அதன்மேலேயே எழுதியிருக்கும். டயரின் அளவை மாற்றும்போது ஸ்டெப்னியையும் கணக்கில் கொள்ளுங்கள். டயர் அழுத்தக் கண்காணிப்பும் பஞ்சர் ஒட்டும் கிட்டும் இருந்தால் ஸ்டெப்னியே வேண்டியதில்லை என்று 2020-இல் விதி வந்துவிட்டது. மலைப்பாதையில் பக்கவாட்டு கிழிந்தால் அந்தக் கிட் உதவாது என்பதையும் சேர்த்து யோசித்து வண்டி வாங்குங்கள்.

பொருத்திய பிறகு

முதல் 200, 300 கிலோமீட்டர் நிதானமாக ஓட்டுங்கள். வார்ப்பு அச்சிலிருந்து எளிதாகக் கழன்று வரப் பூசிய வழவழப்பு ரப்பரின் மேல் இன்னும் இருக்கும். 50 முதல் 100 கிலோமீட்டருக்குள் நட்டுகளை ஒருமுறை சோதிக்க வேண்டும். 8,000 முதல் 10,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை டயர்களை இடம் மாற்றுங்கள்.

காற்று, டயர் குளிர்ந்திருக்கும்போது, கதவு ஸ்டிக்கரில் உள்ள அளவுக்கு. டயரின் பக்கவாட்டில் உள்ள எண் அது தாங்கக்கூடிய உச்ச அழுத்தம், நீங்கள் அடிக்க வேண்டியது அதுவல்ல. நெடுந்தூரம் ஓடிய பிறகு அழுத்தம் சில பி.எஸ்.ஐ. கூடியிருக்கும். அதைப் பார்த்துக் காற்றைத் திறந்துவிடுவது நம் ஊரில் ரொம்பக் காலமாக நடக்கும் தவறு. டயர் குளிர்ந்ததும் அழுத்தம் குறைந்துபோய், அடுத்த நாள் வெயிலில் பக்கவாட்டு மடங்கி மடங்கிச் சூடேறும். நெடுஞ்சாலையில் வெடிக்கும் டயர்களில் பலவற்றின் கதை இதுதான். குடும்பமும் சாமான்களுமாகக் கிளம்பும்போது, ஸ்டிக்கரில் முழு எடைக்கென்று தனி அளவு தந்திருந்தால் அந்த அளவுக்கு அடியுங்கள். நைட்ரஜன் அடிக்கலாமா என்று கேட்பவர்களுக்கு: சாதாரணக் காற்றிலேயே 78 சதவீதம் அதுதான். இலவசமாகக் கிடைத்தால் அடித்துக்கொள்ளுங்கள்.

பஞ்சர் டயரின் ஓடும் பரப்பில் இருந்தால் ஒட்டலாம். வெளியிலிருந்து திணிக்கும் திரியைவிட, டயரைக் கழற்றி உள்ளிருந்து ஒட்டும் காளான் வடிவ பேட்ச் நெடுநாள் நிற்கும். ஆணி பக்கவாட்டில் ஏறியிருந்தால் எந்தப் பஞ்சர் கடைக்காரர் எவ்வளவு நம்பிக்கையாகச் சொன்னாலும் ஒட்டிக்கொண்டு நெடுஞ்சாலை ஏறாதீர்கள். அந்த ஒரு டயரை மாற்றுங்கள். மாற்றும்போது அதே அச்சில் மறுபக்கம் இருக்கும் டயரின் பள்ள ஆழத்தையும் அளந்து பார்க்கச் சொல்லுங்கள். வேறுபாடு அதிகமென்றால் இரண்டையும் சேர்த்து மாற்றிவிட்டு, நல்ல நிலையில் மீந்ததை ஸ்டெப்னியாக வைத்துக்கொள்ளலாம்.